பரணிலிருந்து விழுந்த ஒன்பது சட்டைகள்

பரண் மேல் இருந்த பெட்டியை இறக்கப் போய் நான் விழுந்தேன். என் மேல் பெட்டி விழுந்தது. பெட்டிக்குள் இருந்தவை என்னுடைய ஒன்பது பழைய முழுக்கைச் சட்டைகள். மெலிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தவை. பத்து வருடம் அவை காத்திருந்தன, நான் மெலியவில்லை. கணுக்காலில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு.

வீட்டில் காலால் மிதிக்கும் தையல் மெஷின் ஒன்று உண்டு. மனைவியுடையது. மிதிப்பதற்கு எனக்குக் கால் இல்லை, கை மட்டும் சும்மா இருந்தது. படுக்கையில் கிடந்தபடி அந்தச் சட்டைகளில் ஒன்றை எடுத்து, தையலைப் பிரித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. துணியாகப் பிரித்து வைத்தால் பிறகு அவள் எதையாவது தைத்துக்கொள்வாள், மகளுக்கும் ஒன்றிரண்டு ஆகும் என்பது என் கணக்கு. எனக்குத் தைக்கத் தெரியாது. பொத்தான் வைப்பேன், அவ்வளவுதான்.

பிரிப்பது இவ்வளவு சுவாரசியமான வேலை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. முதல் நாள் சவரப் பிளேடால் அறுத்தேன். துணியும் சேர்ந்து அறுபட்டது. மறுநாள் மனைவி தன் தையல் பெட்டியிலிருந்து சீம் ரிப்பரைத் தூக்கிப் போட்டாள். இரண்டு கொம்பு, நடுவில் சின்னக் கத்தி, குட்டையான கொம்பின் நுனியில் சிவப்பு உருண்டை. ஒவ்வொரு தையலாக வெட்டிக்கொண்டே போனேன். அரை மணி நேரம் வேடிக்கை பார்த்தவள் பொறுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினாள். மெஷின் தையலில் மேலே ஒரு நூல், கீழே பாபின் என்ற குட்டி நூல்கண்டிலிருந்து ஒரு நூல். இரண்டும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கோத்துப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே ஒரு பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒன்று என்று வெட்டினால் போதும். துணியைத் திருப்பி மறுபக்க நூலை இழுத்தால் முழு நீளமும் ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வந்துவிடும். அந்தச் 'சர்ர்' சத்தத்துக்காகவே நான் இரண்டாவது சட்டையை எடுத்தேன்.

சங்கிலித் தையல் வேறு சாதி. பழைய ஜீன்ஸின் கால் மடிப்பில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். சரியான முனையிலிருந்து சரியான நூலைப் பிடித்தால் தானாக அவிழும். தவறான முனையைப் பிடித்தால் மணிக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். நான் எந்த முனையைப் பிடித்தேன் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு முழுக்கைச் சட்டைக்குள் எத்தனை துண்டு இருக்கும் என்று யோசித்திருக்கிறீர்களா? என் முதல் சட்டையில் 20. முன்பக்கம் இரண்டு, முதுகு ஒன்று, தோள்பட்டை யோக் இரண்டு அடுக்கு, கை இரண்டு, மணிக்கட்டைச் சுற்றும் கஃப் நான்கு, காலர் இரண்டு, காலருக்குக் கீழே கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டி இரண்டு, பாக்கெட் ஒன்று, கை ஓரத்துப் பிளவில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சின்னப் பட்டிகள். இவை போக காலருக்குள்ளும் கஃபுக்குள்ளும் விறைப்புக்காக ஒளிந்திருந்த கேன்வாஸ். பதினைந்து வருடம் போட்டுத் துவைத்த சட்டை. காலரின் உள்மடிப்பைத் திறந்தபோது, கடையில் மடித்து வைத்திருந்த அன்றைய நீலம் அப்படியே இருந்தது. வெயிலும் சோப்பும் எட்டிப் பார்க்காத இடம். வெளித்துணியை அதன் பக்கத்தில் வைத்த பிறகுதான் சட்டை எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று தெரிந்தது.

கோடு போட்ட சட்டையைப் பிரிக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. முன்பக்கத்திலும் முதுகிலும் கோடு மேலிருந்து கீழாக ஓடுகிறது, யோக்கில் மட்டும் குறுக்கே ஓடுகிறது. தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் முறுக்கானது, அவ்வளவாக நீளாது. குறுக்கே ஓடும் ஊடை கொஞ்சம் இளகிக் கொடுக்கும். தோளுக்குக் குறுக்கேதான் இழுவை அதிகம் என்பதால் அங்கே பாவைக் குறுக்கே திருப்பி வைத்திருக்கிறார்கள். இதை அன்றைக்கு ரசித்ததோடு விட்டுவிட்டேன், பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கான தண்டனை பின்னால் வருகிறது.

ஐந்தாம் வாரத்துக்குள் ஏழு சட்டைகள் முடிந்திருந்தன. எல்லாத் துண்டுகளையும் இஸ்திரி போட்டு ஒரே குவியலாக அடுக்கி, பெருமையோடு மனைவியைக் கூப்பிட்டேன். அவள் மேலிருந்து ஒரு முன்பக்கத் துண்டை எடுத்துப் பார்த்தாள். அப்புறம் இன்னொன்று. முகம் மாறியது.

"ஏங்க, காஜா பட்டியை எதுக்குங்க பிரிச்சீங்க?"

"எல்லாத்தையும்தான் பிரிச்சேன்."

"அடி மடிப்பையுமா?"

ஆமாம், அடி மடிப்பையும்தான்.

அவள் மிச்சமிருந்த இரண்டு சட்டைகளையும் தூக்கிக்கொண்டு போய் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பிறகுதான் விளக்கினாள். வீட்டில் தைக்கிறவர்களுக்கு உயிரை எடுக்கிற வேலைகள் மூன்று: காலர், காஜா என்கிற பொத்தான் துளை, வளைந்த அடி மடிப்பு. பழைய சட்டையில் இந்த மூன்றையும் யாரோ கை தேர்ந்தவர்கள் நமக்கு முன்பே செய்து வைத்திருக்கிறார்கள். அதைக் காப்பாற்றிக்கொண்டு மற்றதை மாற்றுவதில்தான் லாபம். நான் காப்பாற்ற வேண்டியதை எல்லாம் பார்த்துப் பார்த்துப் பிரித்திருக்கிறேன். போதாததற்கு எந்தத் துண்டு எந்தச் சட்டையுடையது, எது வலது, எது இடது என்று ஒன்றிலும் அடையாளம் வைக்கவில்லை. வெள்ளைச் சட்டை மட்டுமே மூன்று. மூன்று வெள்ளை, மூன்று விதமான வெள்ளை.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு (அதை நான் பிரிக்கவில்லை) மெஷினில் உட்கார்ந்தேன். கால் தேறுவதற்கு மிதிப்பது நல்லது என்று நானே ஒரு வைத்தியம் சொல்லிக்கொண்டேன். முதலில் கைவைத்தது அந்தக் குவியலில் அல்ல, இப்போது நான் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு சட்டையின் காலரில். மடிப்பு ஓரத்தில் நைந்து நார் நாராக நின்றது, உடம்பு முழுக்க நன்றாக இருந்தது. காலரைக் கழுத்துப் பட்டியிலிருந்து மட்டும் பிரித்து, திருப்பிப் போட்டு, அதே இடத்தில் செருகித் தைத்தால் நைந்த பக்கம் அடியில் போய் மறைந்துவிடும். தேயாத அடிப்பக்கம் மேலே வந்துவிடும். பிரிப்பதற்கு முன் காலரின் நடுவிலும் பட்டியின் நடுவிலும் ஒரு குண்டூசி குத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கக் காலர் நீண்டு போகும். அடிப்பக்கத்தில் பிளாஸ்டிக் குச்சி செருகும் துளை உள்ள காலருக்கு இது ஆகாது, திருப்பினால் துளை மேலே வந்து பல்லை இளிக்கும். மனைவி பக்கத்தில் நின்றாள், நான் தைத்தேன். முக்கால் மணி நேரம். என் வாழ்க்கையில் நான் தைத்த முதல் தையல் அதுதான். இன்றைக்கும் அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

இந்த வித்தை ஒன்றும் புதிதல்ல. வெகுகாலமாக வீடுகளில் செய்துவந்ததுதான். பிரிட்டனில் இரண்டாம் உலகப் போரின்போது 1941 ஜூனில் துணிக்கு ரேஷன் வந்தது. முதல் வருடம் ஆளுக்கு 66 கூப்பன். போர் முடிந்தும் தீராமல் 1949 வரை அது நீடித்தது. போர்முனைக்குப் போன ஆண்களின் கோட்டு சூட்டுகளைப் பிரித்து, பெண்கள் தங்களுக்குக் கோட்டும் பாவாடையுமாகத் தைத்துக்கொண்டார்கள். இப்படித் தையுங்கள் என்று அரசாங்கமே புத்தகம் போட்டது. படுக்கையில் கிடந்தபோது இதைப் படித்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். "திரும்பி வந்தவர் எதைப் போட்டுக்கிட்டாராம்?" என்று கேட்டாள். அது அந்தப் புத்தகத்தில் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, குவியலுக்கு வருவோம். முதல் வேலை தரம் பிரிப்பது. ஒவ்வொரு துண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். முழங்கை வந்த இடமும் கழுத்தின் பின்பக்கமும் கொசுவலை மாதிரி தெரிந்தன. முதுகின் கீழ்ப்பாதி பெரும்பாலும் தேறியது. பேன்ட்டுக்குள் செருகிக்கொண்டு வாழ்ந்த அந்த அடிப்பகுதிதான் ஒவ்வொரு சட்டையிலும் ஆகச் சிறந்த துணி. அடுத்து ஓரத்திலிருந்து நாலு நூல் உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் கொளுத்திப் பார்ப்பது. பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெத்தென்ற சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகிக் கெட்டியான மணியாகிவிடும். கலப்பு இரண்டுங்கெட்டானாக நடந்துகொள்ளும். இதைத் தெரிந்துகொள்வது சும்மா வேடிக்கைக்கு அல்ல. பருத்தியில் பழைய ஊசித் துளைகளின் மேல் ஈரம் தொட்டு, நகத்தால் தேய்த்து, இஸ்திரி வைத்தால் நூல்கள் நகர்ந்து துளை ஏறக்குறைய மூடிக்கொள்ளும். நெருக்கமாக நெய்த பாலியெஸ்டரில் துளை துளையாகவே நிற்கும், பெட்டியின் சூட்டைக் கூட்டினால் துணியே பளபளத்துப் போகும்.

ஏழு சட்டைகளின் முதுகையும் முன்பக்கங்களையும் சேர்த்து மகளுக்கு எட்டுப் பட்டைப் பாவாடை ஒன்று என்று முடிவானது. மேலே குறுகி கீழே அகன்ற எட்டுத் துண்டுகள். ஆறு துண்டு ஒழுங்காக வந்தது. இரண்டு துண்டுக்குத் துணி நெடுக்கில் போதவில்லை, குறுக்கே வைத்தால் சரியாக அடங்கியது. அடங்குகிறதே என்று வெட்டிவிட்டேன். யோக்கின் குறுக்குக் கோட்டைப் பார்த்துப் பார்த்து ரசித்த அதே ஆள்தான் நான். தைத்து முடித்த அன்று அழகாக இருந்தது. இரண்டு நாள் கொடியில் தொங்கியதும் அந்த இரண்டு பட்டைகள் மட்டும் இளகிக் கீழே இறங்கின. பாவாடையின் ஓரம் மேலும் கீழுமாக ஆடியது.

இன்னொரு சங்கடம் இடுப்புப் பட்டையில். அதற்கு மட்டும் புதுத்துணி வாங்கி, நனைத்துக் காயவைக்காமல் தைத்திருந்தேன். நூறு தடவை துவைத்த துணி சுருங்க வேண்டியதையெல்லாம் எப்போதோ சுருங்கி முடித்திருக்கும். புதுத்துணி அப்போதுதான் ஆரம்பிக்கும். முதல் துவையலில் பட்டை சுருங்கியது, பாவாடை சுருங்கவில்லை. இடுப்பைச் சுற்றி அழகழகாகக் கொசுவம் விழுந்தது. "இது டிசைனா அப்பா?" என்றாள் மகள். ஆமாம் என்றேன். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஓரத்தைச் சுற்றிலும் ஒரே உயரத்தில் அளந்து வெட்டி, மறுபடி மடித்துத் தைத்ததில் பாவாடை மூன்று விரல் குட்டையானது. வீட்டில் மட்டும் கட்டுகிறாள்.

பீரோவில் பூட்டி வைத்த இரண்டு சட்டைகளில் ஒன்றைத்தான், பல நாள் கெஞ்சிய பிறகு, கையில் வாங்கினேன். வெளிர் பச்சை. இந்த முறை பிரித்தது கைகளையும் காலரையும் பாக்கெட்டையும் மட்டும். பொத்தான்களை எல்லாம் போட்டு மூடி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மேஜை மேல் விரித்தேன். மகளுக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு மேல்சட்டையை அதன் மேல் வைத்தேன். அதன் நடுக்கோடு பொத்தான் வரிசையோடு பொருந்த வேண்டும், கழுத்து கழுத்தோடு பொருந்த வேண்டும். அதைச் சுற்றி சாக்கட்டியால் வரைந்து, தையலுக்கு முக்கால் அங்குலம் விட்டு வெட்டினேன். அடி மடிப்பை ஒன்றும் செய்யவில்லை. பக்கத் தையல் உள்ளே வந்ததால் சட்டையின் வளைந்த வால் மட்டும் கொஞ்சம் குறைந்தது. கழுத்துக்கும் கைக்குழிக்கும் பிரித்தெடுத்த கைகளின் துணியிலிருந்தே கிராஸ் பீஸ் எடுத்து ஓரம் கட்டினேன். துணியை மூலைவாட்டில் 45 பாகை சாய்த்து வெட்டிய பட்டைதான் கிராஸ் பீஸ், வளைவில் மடங்காமல் பாம்பு மாதிரி வளைந்து படியும். நேர்ப்பட்டையை வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். நான் முதலில் நேர்ப்பட்டையைத்தான் வைத்துப் பார்த்தேன்.

இரண்டு மணி நேரத்தில் மேல்சட்டை தயார். ஏழு சட்டைகளோடு இரண்டு மாதம் போராடியவனுக்கு இது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

பாக்கெட்தான் தொந்தரவு. இரண்டு பக்கமும் நாலரை அங்குலம் உள்ளே தள்ளியதில் அது அக்குளுக்கு அடியில் போய்விடும் என்று முன்பே பிரித்துவிட்டேன். பிரித்த இடத்தில் பாக்கெட் அளவுக்கு ஒரு கரும்பச்சைச் சதுரம், அதன் ஓரத்தில் புள்ளிப்புள்ளியாக ஊசித் துளைகள். வெயில் படாத தோல் மாதிரி. அதில் பாதி பக்கத் தையலுக்குள் போனது, மீதிப் பாதி வெளியே நின்றது. அதை மறைக்க என்னென்னவோ யோசித்தோம். பூ தைக்கலாம் என்றாள் மனைவி. வேறு துணியில் ஒட்டுப் போடலாம் என்றேன் நான். மகள் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டு, "அப்படியே இருக்கட்டும், யாரும் இந்த மாதிரி வச்சிருக்க மாட்டாங்க" என்றாள். அவளுடைய ஒரே புகார், பொத்தான் ஆண்கள் பக்கமாக இருக்கிறது, கை பழகமாட்டேன் என்கிறது என்பதுதான். ஆண்கள் சட்டையில் இடது பக்கத்தில் காஜா, பெண்கள் சட்டையில் வலது பக்கத்தில். மூடிய பட்டியை மாற்றுவதென்றால் மறுபடி பிரிக்க வேண்டும். பழகிக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

நடுவில் அவளுடைய பழைய ஜீன்ஸைப் பாவாடையாக்கினோம். உள்காலைத் திறந்து விரித்தால் போதும் என்றுதான் காணொளிகளில் காட்டுகிறார்கள், அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கவட்டியில் இருக்கும் வளைவைப் பற்றி அவர்கள் பேசுவதே இல்லை. முன்னும் பின்னும் அந்த நடுத்தையலை, வளைவு முடிந்து நேராகும் இடம் வரை பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் படிய வைத்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் மூக்கு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். எங்களுடையது ஒரு நாள் முழுக்க மூக்கோடு இருந்தது. ஜீன்ஸுக்கு 16 நம்பர் ஊசி வேண்டும். 14 நம்பர் ஊசியோடு தைக்கப் போய் தையல்கள் கூடும் மேட்டில் இரண்டு உடைத்தேன். அந்த மேடு வரும்போது காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் பின்பக்கத்துக்கு அடியில் ஜீன்ஸ் துண்டொன்றை மடித்து முட்டுக் கொடுத்தால் அது சமநிலையில் ஏறி இறங்கும். பாக்கெட் ஓரத்துச் செப்பு ரிவெட் ஆணிப் பக்கம் கத்திரியைக் கொண்டுபோகவே கூடாது. தையல்காரர் ஜேக்கப் டேவிஸும் துணி வியாபாரி லெவி ஸ்ட்ராஸும் 1873 மே மாதம் காப்புரிமை வாங்கிய சமாச்சாரம் அது, கிழியாமல் இருக்கவென்றே வைத்தது. மனைவியின் நல்ல கத்திரியில் இப்போது ஒரு பல் இருக்கிறது. இது பற்றி வீட்டில் பேசுவதில்லை.

டி-ஷர்ட்டைத் தொடவே வேண்டாம், குறைந்தபட்சம் எங்கள் மாதிரி நேர்த்தையல் மட்டும் போடும் மெஷினில். பின்னல் துணி இழுபடும், தையல் இழுபடாது. போட்டுக் கழற்றும்போது படீரென்று விட்டது. இப்போது அது மெஷினைத் துடைக்கிறது.

மொத்தக் கணக்கு என்று பார்த்தால், எட்டுச் சட்டையும் ஒரு ஜீன்ஸும் போய், போட்டுக்கொண்டு வெளியே போகிற மாதிரி தேறியவை இரண்டே உருப்படி. வீட்டோடு ஒன்று. ஒரு பை நிறைய கிராஸ் பீஸ். நூல், ஊசி, ஜிப், புதுத்துணி என்று வாங்கியதையும் என் நேரத்தையும் கூட்டினால் கடையில் வாங்குவதே மலிவு. மிச்சம் பிடிப்பதற்காக இதில் இறங்குகிறவர்களை நான் தடுப்பேன். என்னை யாரும் தடுக்கவில்லை, ஒன்பதாவது சட்டை எப்போது கைக்கு வரும் என்று காத்திருக்கிறேன்.

இடையில் அந்தக் குவியலில் ஒரு கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. ஏழு சட்டைக்கு 14 முன்பக்கம் இருக்க வேண்டும். எத்தனை முறை எண்ணினாலும் 13. கோடு போட்ட சட்டையின் இடது முன்பக்கத்தைக் காணோம். கட்டிலுக்கு அடியில், மெஷின் பலகைக்குப் பின்னால், மறுபடி பரண் மேல் (இந்த முறை மகள் ஏறினாள்) எல்லாம் தேடியாயிற்று. போன ஞாயிறு மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டிச் சூடு நேரடியாகப் படக்கூடாத துணி மேல் ஒரு கந்தையை நனைத்துப் பிழிந்து விரித்தாள். கோடு போட்ட கந்தை. ஓரத்தில் வரிசையாக ஏழு காஜா.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"ரெண்டு மாசமா இதுதானே கிடக்கு" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.